செவிவழி விளம்பரம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



‘பாட்காஸ்ட்’ என்று உலகத்தார் வழங்குவதும், தமிழில் வலையொலி எனப்படுவதுமாகிய சாதனத்தைக் கொண்டு சிறு வியாபாரிகள் தம் சரக்கை எங்ஙனம் பிரசித்தப்படுத்தலாம் என்பது பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் பணித்திருக்கின்றார்கள். தலைப்பைக் கேட்ட அளவிலே, “இஃது இளைஞர் விளையாட்டு, தறிக்காரனுக்கும் ஜவுளிக் கடைக்காரனுக்கும் இதனால் ஆவது யாது?” என்று முதியோர் சிலர் எண்ணுதல் கூடும். அவர்கள் பொருட்டு முதற்கண் ஒரு கணக்கைச் சொல்லிப் பின்னர் விஷயத்திற்கு வருகின்றோம்.

மத்திய அரசாங்கத்தார் 2009–10-ல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி, இத்தேசத்தில் கைத்தறி நெசவிலும் அதனைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டிருந்தோர் 43.31 லட்சம் பேர். 2019–20-ல் எடுத்த கணக்கில் அத்தொகை 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டது. பத்து வருஷங்களில் எட்டு லட்சம் பேர் தறியை விட்டு எழுந்து போயினர். அவர்களுள் நம்மவர் எத்துணையர் என்பதை அறியப் புத்தகம் புரட்ட வேண்டுவதில்லை. நம் தெருக்களில் ஒரு முறை நடந்து, தறிக்குழி மூடப்பெற்ற வீடுகளை எண்ணினாலே போதும்.

இதற்குக் காரணங்கள் பல. கூலிக் குறைவும் நூல் விலையேற்றமும் பற்றி இச்சங்கத்தின் வாயிலாக நாம் அனுப்பிய விண்ணப்பங்கள் கொஞ்சமல்ல. அவற்றைப் பற்றி இன்று யாம் பேசப் புகவில்லை. பிறர் கையை எதிர்பாராமல் நாமே நீக்கிக்கொள்ளத்தக்க காரணம் ஒன்று உண்டு. அதுதான் வாங்குவோருக்கு வேற்றுமை தெரியாமை. 1985-ம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கின்றது. அதன்படி 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பெற்றிருக்கின்றன. காஞ்சிபுரம் பட்டுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கின்றது. 2006 முதல் கைத்தறி முத்திரையும் இருக்கின்றது. இருந்தும் என்? கடைப் பலகையின்மேல் இரண்டு சேலைகள் மடித்துக் கிடக்கின்றன. ஒன்றின் விலை மற்றொன்றின் விலையிற் பாதி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கைப்பேசியில் வரும் படத்திலோ, விசைத்தறிச் சேலையே ஒருகால் அதிகமாய்ப் பளபளக்கும். வாங்குகிற அம்மாள் பாதி விலைச் சேலையை எடுத்துக்கொண்டு போகின்றார்கள். அவர்கள்மேல் குற்றமென்ன? வேற்றுமையை எடுத்துச் சொல்வார் எவரும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அவ்வேற்றுமை படத்தில் அடங்காது. அரை நிமிஷ விளம்பரத்திலும் அடங்காது. ஒருவர் அமர்ந்து நிதானமாய்ச் சொல்ல, மற்றொருவர் நிதானமாய்க் கேட்க வேண்டும். அத்தகைய நேரத்தை இக்காலத்தில் யார் தருவார் என்று கேட்பீர்கள். கண் தராது, காது தரும். சமையற்கட்டில் நிற்பவருக்கும், பேருந்தில் போகிறவருக்கும், இரவில் தூக்கம் வாராது படுத்திருப்பவருக்கும் காது சும்மா இருக்கின்றது. தறிமேட்டில் வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு நெய்தவர் நம் வீடுகளிலே பலர் உண்டாகையால், கையும் கண்ணும் வேலையிலிருக்கக் காது மாத்திரம் பிறிதொன்றில் இருத்தலின் இயல்பை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இனி, இச்சாதனம் இன்னதென்பதைச் சுருங்கக் கூறுவோம். ஒலிப்பதிவு ஒன்றை இணையத்தில் ஓரிடத்தில் வைத்து, ‘புதிது வந்தது’ என்று தானே அறிவிக்கும் ஒரு செய்தியோடையை அதனோடு இணைத்துவிட்டால், விரும்பியவர் தம் கைப்பேசியில் அதனை வரவழைத்து வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம். வானொலிக்குக் குறித்த நேரம் உண்டு; இதற்கு அஃதில்லை. செய்தியோடையில் ஒலியைச் சேர்த்தனுப்பும் முறையை 2000-ம் வருஷத்தையொட்டி அமெரிக்காவில் டேவ் வைனர் என்பவர் அமைத்தார். 2004-ம் வருஷம் பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் இதற்கு இடத்தக்க பெயர்களுள் ஒன்றாக ‘பாட்காஸ்டிங்’ என்ற சொல் வந்தது. ‘ஐபாட்’ என்ற பாட்டுப் பெட்டியின் பெயரையும், ஒலிபரப்புக்குரிய ஆங்கிலச் சொல்லையும் கூட்டிச் செய்த சொல் அது. அப்பெட்டியை ஆப்பிள் நிறுவனத்தார் 2022-ல் நிறுத்திவிட்டனர். பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

ஒலியைக் கொண்டு வியாபாரம் செய்தல் புதியதன்று. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெருங்கடையார் 1924-ல் சிக்காகோ நகரத்தில் ஒரு வானொலி நிலையத்தையே நிறுவி, ‘உலகத்தின் மிகப் பெரிய கடை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களை அதற்குப் பெயராக வைத்தனர். தபால் மூலம் அவர்களிடம் சாமான் வாங்கிவந்த குடியானவர்கள் அதனைக் கேட்டனர். அதே 1924-ல் நம் சென்னையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் அவர்களின் முயற்சியால் மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. பணமுடையால் 1927-ல் நின்றது. 1930-ல் சென்னை நகரசபையார் அப்பணியை ஏற்று நடத்தினர். கற்றோரும் செல்வரும் கூடி நடத்திய கழகமே மூன்று வருஷத்தில் பொருளின்றி மூடப்பெற்றதாயின், அந்நாளில் ஒரு தறிக்காரர் தம் குரலை ஊருக்கு அனுப்ப எண்ணியிருக்கவும் கூடுமோ? இன்று அதற்கு வேண்டுவது ஏற்கெனவே நம் சட்டைப் பையில் இருக்கின்றது.

ஆனால் சியர்ஸைக் காட்டிலும் நமக்குப் பொருத்தமான உதாரணம் தஞ்சாவூர் ஜில்லாவில் இருக்கின்றது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய காலப் புது நெல் வந்தபோது, திருச்சிராப்பள்ளி வானொலியார் அதனைப் பயிரிடும் முறையை விவசாயிகளுக்கு விளக்கி வந்தனர். நாற்றுவிடுவது எப்போது, உரமிடுவது எவ்வளவு என்பனவற்றை வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டறிந்த குடியானவர்கள், அந்நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயரிட்டு வழங்கினர். வானொலியார் விதை விற்கவில்லை. ‘வாங்குங்கள், வாங்குங்கள்’ என்று கூவவுமில்லை. அறிய வேண்டியதை அறிவித்தனர். அறிந்தவர்கள் தாமே தேடிப் போயினர். வலையொலி வியாபாரத்தின் சூக்ஷ்மம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்றே யாம் கருதுகின்றோம்.

பிறர் நடத்தும் வலையொலியில் பணங்கொடுத்து நம் பெயரைச் சொல்லச் செய்வது இன்னொரு வழி. 2014-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் ‘சீரியல்’ என்ற வலையொலி தொடங்கிற்று. 1999-ல் பால்டிமோரில் நிகழ்ந்த ஒரு கொலை வழக்கை வாரந்தோறும் ஆராய்ந்து சொல்லும் தொடர் அது. அதன் தொடக்கத்தில் ‘மெயில்சிம்ப்’ என்ற கம்பெனியின் விளம்பரம் வரும். இக்கம்பெனி 2001-ல் அட்லாண்டாவில் தொடங்கியது. சிறு வியாபாரிகள் தம் வாடிக்கைக்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வசதி செய்து கொடுப்பது அதன் தொழில். அவ்விளம்பரத்தில் பலர் அக்கம்பெனியின் பெயரை வாசிப்பர். ஒரு சிறுமி அதனைத் தவறாக ‘மெயில்கிம்ப்’ என்று வாசிப்பாள். கேட்டவர்கள் அப்பிழையையே வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பரப்பினர். ஓர் அலுவலகச் சாமானுக்கு இப்படியொரு பிரசித்தி! 2021-ல் இன்டூயிட் என்ற நிறுவனத்தார் அக்கம்பெனியைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கினர். அவ்வளவும் அச்சிறுமியின் நாவால் வந்தது என்று யாம் சொல்லவில்லை. இவ்வழி முதலுடையார்க்கு ஆகும். இரண்டு தறிக்காரருக்கு ஆகாது. ஆதலின் இதனை இம்மட்டில் விடுகின்றோம். நாமே பேசுவதுதான் நமக்குரிய வழி.

எதைப் பேசுவது? “எமக்குப் பேசத் தெரியாது” என்று சொல்லும் பெரியவர்களை அவர்கள் தறியருகே உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பொழுது போவது தெரியாது. கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலுக்கொரு நிறம், கரைக்கொரு நிறம். உடலின் ஊடையும் இரு கரைகளின் ஊடையும் தனித்தனி நாடாக்களில் ஓட, உடலும் கரையும் சந்திக்கும் எல்லையில் இழையோடு இழை பிணைக்கப்பெறுகின்றது. ஒருவரால் முடியாமல் பக்கத்தில் இன்னொருவர் இருந்து நாடாவை வாங்கித் தர வேண்டியிருக்கின்றது. இதனை நெய்பவர் வாயாலேயே கேட்ட ஓர் அம்மாள், அடுத்த முறை கடையில் சேலையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள் என்பது திண்ணம். புரட்டிப் பார்க்கும் வாடிக்கைக்காரர் ஒருவர், புரட்டாமல் வாங்கும் நூறு பேருக்குச் சமானமாவார். ஏனெனில், அவர்கள் தாம் கண்டதை நான்கு வீட்டில் சொல்வார்கள். மகள் கல்யாணத்துக்கும் தறிக்காரரைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

பட்டிழையைக் கொளுத்தினால் மயிர் தீய்ந்த வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையாயின் உருகிக் கட்டியாகும். இஃது ஒரு நாளைய பேச்சு. பாவு ஓடுதல், கஞ்சி போடுதல், மழைக்காலத்தில் பாவு காயாமல் படும் பாடு, ஆடி மாதத்துக்கும் தை மாதத்துக்கும் சேலை கேட்பதில் உள்ள வேறுபாடு, புதுச் சேலையை முதன்முறை நனைப்பது எப்படி, சரிகைச் சேலையை எதில் சுற்றி வைப்பது, எத்தனை மாதத்துக்கொருமுறை மடிப்பு மாற்றுவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளைய பேச்சாகும். கடைசியிற் சொன்னவற்றை விரும்பிக் கேட்பவர் மிகப் பலர். சேலையை வாங்கிய பின்னும் அதனைக் காப்பாற்றும் வகையைச் சொல்லும் வியாபாரியிடத்தில் ஜனங்களுக்கு உண்டாகும் நம்பிக்கை, தள்ளுபடியால் உண்டாவதன்று.

பேசுவோர் ஆடவராகவே இருக்க வேண்டும் என்று நினைப்பது பெருந்தவறு. முற்கூறிய 35.22 லட்சம் பேரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர் பெண்மக்கள். சேலை உடுத்துபவரும் பெண்மக்களே. நூல் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் அவர்கள் கையாயிருக்க, அவற்றைப் பற்றிப் பேசும் வாய் மாத்திரம் நம்முடையதாக இருப்பானேன்? எந்த வீட்டில் மருமகள் நன்றாய்ப் பேசுவாளோ, அந்த வீட்டு வியாபாரம் இச்சாதனத்தில் முன்னுக்கு வரும்.

“தொழில் இரகசியம் வெளிப்பட்டுவிடாதோ?” என்று ஒரு பெரியவர் இக்கூட்டத்துக்கு முன்னமே எம்மிடம் கேட்டார்கள். கோர்வை எப்படிப் பிணைக்கப்பெறுகின்றது என்று கேட்டறிந்தவர் எவரும் மறுநாள் தறியிறங்கி நெய்துவிடப் போவதில்லை. வாயாற் சொல்வதற்கும் கையாற் செய்வதற்கும் இடையே இருபது வருஷப் பழக்கம் கிடக்கின்றது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். எனினும் சொல்லாது விடுதல் இச்சங்கத்துக்குச் செய்யும் தீமையாகும். நம்மவருள் கைத்தறி வைத்திருப்போர் உளர். விசைத்தறி வைத்திருப்போரும் உளர். இரண்டையும் ஒரே கடையில் விற்போரும் உளர். விசைத்தறி வைத்தல் இழிவன்று. எத்தனையோ குடும்பங்கள் அதனாலே உண்டு உடுத்து வாழ்கின்றன. ஏழைக்கும் துணி கிடைக்கின்றது. அதனை விசைத்தறித் துணி என்று சொல்லியே விற்கலாம். ஆனால் அதனைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர் சிலர் நம்முள்ளும் இருக்கின்றனர் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அறிந்தும் உறவு கருதி வாய் மூடியிருக்கின்றோம். அண்டை வீட்டுத் தறி நின்றதற்கு வடநாட்டு மில்லை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. நம் தெருக்கோடியில் ஒட்டப்படும் பொய்ச் சீட்டுக்கும் அதில் பங்குண்டு.

இதனை ஏன் இங்கே எடுத்தோமெனில், வலையொலி பொய்யருக்கு உதவாத சாதனம் ஆதலின் என்க. ஒரு வரி விளம்பரத்தில் எப்பொய்யும் நிற்கும். அரை மணி நேரம், வாரந்தோறும், தன் சரக்கைப் பற்றித் தன் குரலில் பேசுகின்றவன் பொய்யனாயின், நான்காம் வாரத்தில் முன்னுக்குப்பின் முரண்படுவான். கேட்பவர்களுள் ஒரு நெசவாளி இருந்தால் முதல் வாரத்திலேயே அகப்படுவான். ஆகவே உள்ளதைச் சொல்ல அஞ்சாதவருக்கே இஃது ஏற்றது. முதலில்லாத கைத்தறிக்காரரிடம் பெருங்கடைகளிடத்தில் இல்லாத ஒன்று உண்டென்றால், அது சரக்கைப் பற்றி எவ்வளவு நேரமானாலும் மறைப்பின்றிப் பேசக்கூடிய நிலைமையே.

சட்டமும் இதிலே தலையிடும் என்பதை நினைவிற் கொள்க. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘விளம்பரம்’ என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, ஒலியால் செய்வதையும் இணையத்தின் வாயிலாகச் செய்வதையும் சேர்த்தே கூறுகின்றது. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. ஆதலின் ‘வெறும் பேச்சுத்தானே’ என்று எண்ணிக் கைத்தறியல்லாததைக் கைத்தறி என்று பேசிவிடலாகாது. அன்றியும், பேச்சுக்கிடையே சினிமாப் பாட்டை ஓடவிடும் ஆசை இளைஞர்க்கு உண்டு. அது பிறர் உடைமை. அனுமதியின்றி எடுத்தல் கூடாது. பாட்டு வேண்டுமானால் நம்மிடம் தறியோசை இருக்கின்றதே! பேச்சின் தொடக்கத்தில் பலகை அடிக்கும் ஓசையும் நாடா ஓடும் ஓசையும் அரை நிமிஷம் ஒலிக்கட்டும். அதைப் போன்ற அடையாளத்தை எந்த மில்லுக்காரரும் விலைகொடுத்து வாங்க முடியாது.

பதிவு செய்வதில் பெருஞ்சங்கடம் எதிரொலி. வெறுஞ்சுவர் அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போலக் கேட்கும். பட்டணங்களில் இதற்கென்று பஞ்சும் திரையும் வாங்கிச் சுவரில் அடிக்கின்றனர். நமக்கு அச்செலவு வேண்டா; துணி அடுக்கிய கடையறை எதிரொலியைத் தானே விழுங்கிவிடும். கடை மூடிய பின், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, எதிரே ஒருவரை உட்காரவைத்து அவரோடு பேசுவது போலப் பேசுக. எழுதி வைத்து வாசித்தல் ஆகாது. வாசித்தால் வாசிப்பதாகவே கேட்கும்.

பதிவை எங்கே வைப்பது என்பதில் எச்சரிக்கை வேண்டும். ஸ்பாட்டிஃபை முதலிய நிறுவனத்தார் இலவசமாகவே இடந்தருகின்றனர், அவற்றில் வைக்கலாம். ஆனால் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டவன், அவர் கதவைச் சாத்தினால் என்ன செய்வான்? கூகிள் நிறுவனத்தார் வலையொலிக்கென நடத்திவந்த தனிச் செயலியை 2024-ல் மூடிவிட்டனர். அதனால் செய்தியோடையைத் தம் வசம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டமில்லை. அவர்களைக் கேட்டு வந்தவர் வேறொரு செயலியில் அதே ஓடையைத் திறந்துகொண்டனர். ஆகையால் ஓடையின் விலாசமும் கடவுச்சொல்லும் கடைக்காரர் கையிலேயே இருத்தல் வேண்டும். அமைத்துக் கொடுத்த பையன் கையிலன்று. மூலப்பதிவு ஒவ்வொன்றையும் வேறோரிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

எத்தனை பேர் கேட்பர்? முதல் ஆறு மாதம் மிகச் சிலரே கேட்பர் என்று எண்ணித் தொடங்குவது நலம். இம்மண்டபத்தில் இன்று நாம் சுமார் இருநூறு பேர் இருக்கின்றோம். ஒரு பேச்சை இருநூறு பேர் கேட்டனர் என்றால் இளைஞர் முகம் சுளிக்கின்றனர். பிறர் கடைக்கு லட்சம் பேர் வந்து பார்த்ததாகப் படங்களின் கீழே கண்டிருக்கின்றனர். இருநூறு பேர் தம் கடைக்குள் வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் தாம் சொல்வதைக் கேட்ட நாள் எந்த வியாபாரிக்கு வாய்த்தது? வாடிக்கைக்காரர் வந்ததும், ‘நம் கடையை எப்படி அறிந்தீர்கள்?’ என்று கேட்டு அதனைக் கணக்குப் புஸ்தகத்தின் ஓரத்தில் குறித்து வருக. கேட்டவர் தொகையைக் காட்டும் எண்ணைவிட அந்த ஓரக் குறிப்பே மெய்க்கணக்கு. வாரம் ஒன்று இயலாதாயின் மாதம் இரண்டு செய்க. குறித்த நாளில் வருதல் முக்கியம். சந்தை கூடும் நாளை மாற்றிக்கொண்டேயிருந்தால் எவர் சந்தைக்கு வருவார்?

தனித்தனியே தொடங்க இயலாதவர்கள் சேர்ந்து தொடங்கலாம். நம் சங்கக் கட்டடத்துப் பண்டசாலை அறையை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இதற்கு விட்டுத்தரக் காரியதரிசி அவர்கள் இசைந்திருக்கின்றார்கள். விசைத்தறி வைத்திருப்போரும் வரலாம்; விசைத்தறி என்று சொல்லிப் பேசுவதாயின் அவர்களுக்கும் அங்கே இடமுண்டு. முதற்பதிவு கோர்வையைப் பற்றியது. அதற்குக் கோர்வைத் தறியில் நெடுநாள் இருந்த ஒருவரும், பக்கத்திலிருந்து நாடா வாங்கிக் கொடுத்துப் பழகிய ஒருவரும், கேள்வி கேட்க நன்றாய்ச் சேலை பார்க்கத் தெரிந்த அம்மாள் ஒருவரும் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் கலையுமுன் காரியதரிசி அவர்களிடம் பதிந்துகொள்க.